பயிற்சி அறிக்கை, மூன்றாம் வாரம்

கல்லூரி கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி:
நாளை உங்கள் வகுப்பறையில்
தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவீர்கள்?
இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள்.

வெள்ளிக்கிழமை படகு வந்தால்தானே
என்று முதல் வரி எழுதி
அடித்துவிட்டேன்.

சிலோவேக்குக் கிழக்கே ஒரு பொட்டுத் தீவு.
பதினோரு பிள்ளைகள், ஆறு வகுப்புகள், ஓர் அறை.
விறகடுப்பின் மேல் காலுறைகள் காய்கின்றன.
எட்டி இருக்கும் அலமாரியில்
பன்னிரண்டு டேப்லெட்டுகள் சார்ஜ் ஏறுகின்றன.
பன்னிரண்டாவது யாருக்கென்று
பெட்டியில் எழுதியிருக்கவில்லை.
எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

பால்த்தசாருக்கு ஏழு வயது.
திரையில் ஒரு குவளை, கீழே ஒரு சொல்: லெச்சே. பால்.
லெஷே, என்றான்
அவன் அப்பா சொல்வதுபோல,
இந்தக் கரையில் மாடு கறக்கிற எல்லோரும் சொல்வதுபோல.
மீண்டும் முயற்சி செய், என்றது அது,
அத்தனை மரியாதையாக.
லெஷே.
மீண்டும் முயற்சி செய்.
ஏழு தடவை.
அதற்குக் கோபமே வரவில்லை.
கோபப்பட்டால்
திருப்பிக் கோபப்படவாவது செய்திருப்பான்.

எட்டாவது தடவை
தலைநகரத்துச் செய்தி வாசிப்பவரின் குரலை
எங்கிருந்தோ எடுத்துத் தொண்டையில் மாட்டிக்கொண்டான்.
லெச்சே.
பொன் நட்சத்திரம். கைதட்டல்.
என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நானும் கைதட்டினேன்.

மறுநாள் அவன் அம்மா வாசலில்.
வீட்டில் அப்பாவைத் திருத்துகிறானாம்,
சாப்பிடும்போது, வார்த்தைக்கு வார்த்தை.
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்,
சிப்பி வாளியைக் கீழே வைக்காமல்.

தேமூக்கோவில் படிக்கப்போன முதல் மாதம்
நானும் அப்படித்தான்
ஒவ்வொரு 'ச்'சையும் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தேன்.
நட்சத்திரம் ஒன்றும் தரவில்லை யாரும்.
சிரிப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவே.
எங்கள் தீவின் பெயரையே
நாங்கள் சொல்கிற மாதிரி சொன்னால்
அந்தப் பெட்டி தப்பென்று சொல்லும்.

சரி, மூட்டைகட்டித் திருப்பி அனுப்பு என்றால்
மில்லராயை என்ன செய்வது?
ஒன்பது வயது. கண் மருத்துவர் இரண்டு படகு தொலைவில்.
கரும்பலகையில் நான் எழுதுவதெல்லாம்
அவளுக்கு ஈரச் சுவர்.
செவ்வாய்க்கிழமை இரண்டு விரலால்
கண்ணாடியைப் பிளப்பதுபோல் விரித்தாள்.
ஓர் எழுத்து வளர்ந்து வளர்ந்து
அவள் முகமளவு ஆனது.
டீச்சர், இதன் தலையில் ஓர் அலை இருக்கிறது, என்றாள்.
அலை இல்லாமலே
மூன்று வருடம் வாசித்திருக்கிறாள்.
முதல் வாரக் குறிப்பேட்டில் அவள் பெயருக்கு நேரே
நான் எழுதியிருந்தது: கவனமின்மை.
அழி ரப்பர் போட்டும் தடம் போகவில்லை.

இந்த இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால்
தெளிவில்லை என்று ஓரத்தில் குறிப்பார்கள்.
வேறு வேறு பத்தியில் எழுதினால்
இரண்டும் ஒரே அறையில்
ஒரே காலையில் நடந்தது தெரியாமல் போகும்.

வியாழக்கிழமை, தப்பு சொல்கிற காதை மட்டும் அணைத்தேன்.
அமைப்புகளுக்குள் நாலு படி இறங்கி,
எதையோ கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தோடு.
ஒலிப்பதிவு மட்டும் வேலை செய்யட்டும்.
எல்லோரும் பால் என்று சொல்லுங்கள், என்றேன்.
பத்துப் பால் வந்தது,
ஒன்றில் இருமல், ஒன்றில் வெளியே குரைத்த நாய்.
பால்த்தசார் இரண்டு தடவை பதிந்தான்.
இது வீட்டுக்கு, என்றான். இது இதுக்கு.
விரல் கண்ணாடியைத் தொட்டது.
யாரும் சொல்லித்தரவில்லை அவனுக்கு.
சந்தோஷப்படுவதா என்று
இந்த நிமிடம்வரை தெரியவில்லை.

அறிக்கையில் இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி.

அப்புறம் அவன்
பன்னிரண்டாவதை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினான்.
சிவப்புப் புள்ளி எரிந்தது.
பதினோரு பேரும் காத்திருந்தார்கள்.
எந்தப் பால் வருமென்று தெரியாமலே
வாயைத் திறந்தேன்.